அவர் சுற்றிக் காட்டிய ஊர்

“கால நீட்டு,” என்று சொல்லிவிட்டு அவர் வாசற்கதவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மருமகள் வாங்கி வைத்த ஷூ மாதக்கணக்கில் பெட்டியை விட்டு வெளியே வராமல் கிடந்தது. உள்ளே திணித்திருந்த காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு, மனைவியின் பாதத்தை எடுத்துத் தன் தொடை மேல் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினார்.

“இறுக்குது.”

“நடந்தா சரியாப் போயிரும்.”

“எதுக்கு இந்த வேண்டாத வேல? தினமும் தனியாத்தான போறீங்க, இன்னைக்கும் போயிட்டு வாங்க.”

“இந்த ஒரு நாள் வா. அப்புறமா கூப்பிட்டேன்னா ஏன்னு கேளு.”

மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் இவரோடு வாதாடி ஜெயித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. மறு காலையும் நீட்டினாள்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்கக் கம்பம் ஏறி இறங்கியதாலோ என்னவோ, நாலு சுவருக்குள் இருப்புக் கொள்ளாது. மகன் தான் வேலை பார்க்கிற இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்துவிடச் சொன்னதும், வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரே பேச்சில் முடிவு செய்தது அவர்தான். வீட்டோடு அவளுடைய தையல் மெஷினும் போயிற்று. தைக்கத் துணியோடு வாசலில் வந்து நின்ற பெண்களிடம், “இனிமே அவளுக்கு ரெஸ்ட்டு,” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினதும் அவர்தான்.

வந்த மறுநாளே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பாஷை தெரியாது. “வாயில்லாட்டி என்ன, கை இருக்குல்ல,” என்பார். சாயங்காலம் திரும்பி வந்து கதை கதையாக அளப்பார். கடிகாரம் மட்டுமே விற்கிற ஒரு கடை, அங்கே எல்லாம் சேர்ந்து மணி அடிக்கும்போது கடைக்காரரே காதைப் பொத்திக்கொள்வது, தொட்டியில் நீந்துகிற மீனைக் கையால் காட்டிக் கேட்டால் பிடித்து வெட்டிக் கொடுப்பது, ஒரு சந்து முழுக்கப் பழைய கதவுகளாக அடுக்கி வைத்திருப்பது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே “ம்” கொட்டுவாள். எட்டாவது மாடியில் பகல் முழுக்க அவளுக்குத் துணை ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான். அதுவும் இடையிடையே நின்றுவிடும். அப்படி உட்கார்ந்திருப்பவளிடம் வந்து, ஒருத்தர் இத்தனை சந்தோஷமாகப் பேசினால் கேட்கவா முடியும். ஆத்திரம்தான் வரும். அதை மென்று விழுங்கிவிட்டு, “சாப்பிட வரீங்களா?” என்பாள்.

அன்றைக்கு முதலில் ரொட்டிக்கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே கல்லாவில் இருந்த பருத்த பெண்மணி கையை உயர்த்தி என்னவோ கூவினாள். இவரும் கையை உயர்த்தினார்.

“இந்தம்மா எனக்கு ரொம்பப் பழக்கம்.”

“எந்த பாஷையில பழக்கம்?”

“பாஷை என்னத்துக்கு. பசிச்சா சிரிப்பேன், குடுக்கும்.”

மனைவியைக் காட்டி, தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். ரொட்டிக்காரி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கைகளெல்லாம் மாவு ஒட்டியது. அவளுக்குக் கூச்சம் ஒரு பக்கம், இன்னதென்று சொல்லத் தெரியாத எரிச்சல் ஒரு பக்கம். இத்தனை நாளும் இவருக்கு இங்கே ஒரு தனிக் குடித்தனமே நடந்துகொண்டிருக்கிறது போல.

தட்டில் உருண்டையாக ஏதோ வந்தது. மேலே சர்க்கரை பனி மாதிரி தூவியிருந்தது.

“சுகர்காரர் திங்கிற சாமானா இது?”

“ஒரு வாய்தான். மிச்சம் உனக்கு.”

மிச்சம் வைக்கவில்லை.

அதற்கப்புறம் கடிகாரக் கடை, மீன் கடை, கதவுச் சந்து. அவர் சொன்னதெல்லாம் சொன்னபடியே இருந்தது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பதே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தாளோ என்னவோ. கடைசியாக ஆற்றுப் பாலத்துக்குப் படி ஏறினார்கள். பாதிப் படியில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

“என்ன, இப்படி வேர்க்குது?”

“நடந்துட்டே இருக்கோம்ல.” பேச்சை மாற்றினார். “இங்க வீட்டுக்குக் கரண்டு போற கம்பம் ஒண்ணாவது கண்ல பட்டுச்சா உனக்கு? ஒயர் பூராம் பூமிக்கடியில போட்டிருக்கான். இவன் ஊர்ல நான் பொறந்திருந்தா எனக்கு வேலையே இல்ல.”

காற்று சில்லென்று அடித்தது. அந்தக் காற்றில் எதற்கு வேர்க்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவளுக்குக் குதிகால் தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. “டிராம்ல போயிரலாம்,” என்றாள். அவரும் அதிசயமாக உடனே சரி என்றார்.

டிராமில் கூட்டம் இல்லை. ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு ஊரு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். இத்தனை மாதமும் மென்று விழுங்கினதெல்லாம் அப்படியே தொண்டைக்கு வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவர் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவோம் என்று தெரியும்.

“நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு நல்லா இருக்கு. எனக்கு இங்க என்ன இருக்கு, சொல்லுங்க. காலையில எந்திரிச்சா யார் மூஞ்சியும் கிடையாது. பேசினா யாருக்கும் புரியாது. பேரப்பிள்ளையா இருக்கு, தூக்கி வச்சுக்க? என் வீட்ட வித்தீங்க, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? மெஷினத் தூக்கிக் குடுத்தீங்க. ரெஸ்ட்டுன்னு சொன்னீங்க. பொணத்துக்குத்தான் ரெஸ்ட்டு.”

ஓரக்கண்ணால் பார்த்தாள். கண் பாதி மூடியிருந்தது. சண்டை என்று வந்தால் தூங்குகிற மாதிரி நடிப்பது அவருடைய பழைய வித்தை. கல்யாணமான புதிதிலிருந்தே அதுதான்.

“நடிக்காதீங்க. இன்னைக்கு விடமாட்டேன். எனக்கு டிக்கெட்டு போட்டுக் குடுங்க, நான் ஊருக்குப் போறேன். வாடகைக்கு ஒரு ரூம் எடுத்து இருந்துக்கறேன். நீங்க இங்கயே இருங்க, சுத்துங்க, தின்னுங்க, அந்த ரொட்டிக்காரிகிட்ட சிரிங்க. நீங்க எனக்கு வேண்டாம். என்னத் தனியா விட்டாப் போதும்.”

டிராம் ஒரு வளைவில் திரும்பியது. அவர் அப்படியே சாய்ந்து, முழு பாரத்தோடும் அவள் தோளில் வந்து விழுந்தார்.

தூங்குகிறவர் பாரம் வேறு. அது அவளுக்குத் தெரியும். இறந்த மாமியாரைக் குளிப்பாட்டிக் கிடத்தின கை அவளுடையது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தாள். “என்னங்க,” என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கத்தவில்லை. கத்துவதென்றால் என்னவென்று கத்துவது, யாருக்குப் புரியும்? எதிரே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒரு பெண் கண்ணை மூடியிருந்தாள். இவர் சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. எடுத்து அழுத்தினாள். அது திறக்க என்னவோ எண் கேட்டது. எண் அவருக்குத்தான் தெரியும். கத்தினால் வண்டியை நிறுத்துவார்கள், இவரைத் தூக்கி இறக்கி எங்கேயாவது கொண்டு போய்விடுவார்கள். இவளை இன்னொரு பக்கம் நிறுத்தி வைத்து ஏதேதோ கேட்பார்கள். வீடு எங்கே என்று சொல்லக்கூட அவளுக்குத் தெரியாது. அவர்தானே கூட்டி வந்தார், அவர் கூட்டிப் போவார் என்று எங்கே ஏறினோம் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, தலை தொங்காமல் தன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கழுத்துத் துண்டை மேலே இழுத்துவிட்டாள். நிறுத்தங்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். அவர் உள்ளங்கையில் இன்னும் சூடு இருந்தது.

ஏறி வந்த ஒரு வயதான அம்மாள், இவர்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். தலையைச் சாய்த்து, மனசு நிறைந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இவளும் சிரித்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கின பிறகு டிரைவர் நடந்து வந்தார். இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“தூங்கறாரு,” என்றாள் அவள். “கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிருவாரு.”

டிரைவருக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. ஆனால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஃபோன் பேசினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மகன் ஓடி வந்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

“ஹார்ட்டுதாம்மா. ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்கறாங்க.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். “டிரைவர் பாக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருக்காருன்னு சொல்றாங்க. உனக்குத் தெரியலையா?”

“தூங்கறாருன்னு நெனச்சேன்.”

“வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

“கடைசியா என்னதாம்மா பேசிட்டு வந்தீங்க?”

எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வார்த்தை வரைக்கும் அவர் காதில் விழுந்திருக்கும்? வீடு வரைக்கும் கேட்டிருப்பாரா, மெஷின் வரைக்கும் கேட்டிருப்பாரா? நீங்க எனக்கு வேண்டாம் என்றதும் கேட்டிருக்குமா?

“ஊரப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்,” என்றாள்.

மகன் தலையை ஆட்டினான். அவன் உதடு கோணியது. “அவருக்கு இந்த ஊரு அவ்வளவு புடிச்சிருந்துச்சும்மா. நான் வந்து இத்தன வருஷத்துல பாக்காத எடமெல்லாம் பாத்துட்டாரு. ஒரு ஞாயித்துக்கெழம என்கூட வாடான்னாரு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னே தள்ளிட்டேன்.”

அவன் முதுகில் கை வைத்தாள். தடவத் தோன்றவில்லை. வைத்தபடியே இருந்தாள்.

மருமகள் வந்தாள், கட்டிக்கொண்டு அழுதாள், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களுக்குப் போனாள். மகனும் அவள்கூடப் போய்விட்டுத் திரும்பி வந்து எதிரே குந்தி உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்.

“காரியத்த இங்கயே முடிச்சிரலாம்மா. அங்க கொண்டு போனாலும் எறக்கி வைக்க நமக்குன்னு ஒரு எடமில்ல.”

“சரி.”

“உன்னப் பத்தி நீ யோசிக்கவே வேண்டாம். இனிமே நீ எங்கயும் போக வேண்டாம். எங்ககூடவே இருந்துரு. அப்பாவும் அதத்தான் நெனச்சிருப்பாரு.”

“சரிப்பா,” என்றாள்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. கார் எங்கேயோ தள்ளி நின்றது. “நீ இங்கயே நில்லும்மா, கொண்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு மகன் போனான். மருமகள் உள்ளேயே இருந்தாள். தெருவில் கடைகள் திறந்திருந்தன. ஜனங்கள் பை நிறையச் சாமானோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்த கணவனும் மனைவியும் போல இரண்டு பேர் அவள் முன்னால் வந்து நின்றார்கள். இவள் வயதுதான் இருக்கும். அந்த ஆள் கையில் விரித்த வரைபடம், அந்தம்மாள் தோளில் ஒரு கேமரா. அவர்கள் பேசினது அவள் காதில் நுழையவில்லை. அந்த ஆள் வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை நீட்டி, எந்தப் பக்கம் என்று புருவத்தை உயர்த்தினார்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள்; ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தாள். காத்துக்கொண்டு நின்றார்கள்.

கையைத் தூக்கி, வெயில் இருந்த பக்கமாகக் காட்டினாள்.

இரண்டு பேரும் தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு, அவள் காட்டின திசையில் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.