ஒரு சீத்தாப்பழக் கொட்டைக்கான கணக்கு

1
இந்தக் கதை ஒரு புளியங்கொட்டைப் பையிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் வேண்டுமென்றால் வேறு கதை படியுங்கள்.

சிதம்பரத்தில் மாணவர் விடுதி ஒன்று கட்டுகிறார்கள். அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் வேலையாட்களிடையே பெரியம்மை. அது எப்படிப் பரவும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என் அண்ணன் அப்துல் வதூதின் புரொபசர். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. நோய் கண்டவனின் கொட்டையைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். பையைக் குலுக்கி இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். வெள்ளையோடு கறுப்பு வந்தால் அதையும் தேய்க்க வேண்டும். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. தேய்ப்பது நான். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளுக்கு வேறென்ன வேலை?

2
(முதலில் இப்படித் தொடங்கினேன்: "காற்று சித்தாள் மாரியம்மாளின் கூந்தலை..." அடித்துவிட்டேன். சுண்ணாம்புச் சட்டி சுமக்கிற தலையில் கூந்தல் எங்கே பறக்கும்? மாரியம்மாளை நான் பார்த்ததே இல்லை. புரொபசரும்தான்.)

அண்ணன் பார்த்திருக்கிறான். அம்மை கண்ட கொட்டகை வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அதை எண்ணி வந்து வரைபடத்தில் கோடு இழுப்பதுதான் அவன் வேலை.

3
சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயிலைவிட்டு இறங்கி, வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஏய், கோடு எறங்கிடுச்சு! ஒரு வாசல்லயும் வேப்பில இல்ல. நம்ம கணக்குப்படியே ஆயிடுச்சு. அம்மை குத்துறவர வரவேணாம்னு புரொபசர் சொல்லி அனுப்பிட்டாரு."

"எப்படிண்ணே, அதுக்குள்ள?"

"மேஸ்திரி சிங்காரம் எல்லாத்தையும் புடுங்கிட்டாரு. அம்மைன்னு தெரிஞ்சா வேலைய நிறுத்திடுவாங்களாம்."

"அப்ப நோவு போவலியே?"

"நான் வேப்பிலையத்தான எண்ணணும்?"

மாரியம்மாள் அவனை வழிமறித்தாளாம். "தம்பி, பக்கத்துக் கொட்டாயில மூணு பேரு படுத்துக் கெடக்கறாங்க. எம் புள்ளைக்கு மட்டுமாவது குத்திட்டுப் போவச் சொல்லுங்க." கைக்குழந்தை. சாரத்தில் கட்டிய தூளியில் கிடக்கிறது. இதையும் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"அந்தப் புள்ளைக்கு எந்தக் கொட்டைண்ணே?"

"அது என்ன செங்கல்லா தூக்குது? வேலையாளுக்குத்தான் கொட்டை."

"புரொபசர்கிட்ட சொல்லேன்."

"கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சு. போய்த் தட்டு வை."

4
(இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர்கள் அண்ணனுக்கு மனசாட்சி உறுத்தியதாக எழுதுவார்கள். நானும் முயன்றேன். "அவனுக்குச் சோறு இறங்க..." இறங்கியது. மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.)

முடிவு? அம்மை குத்துபவர் மனம் மாறிச் சைக்கிளில் வந்து நிற்கலாம். அது சினிமா. அல்லது குழந்தை... இதை எழுதினால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவீர்கள். உங்கள் காப்பிக்காக நான் ஒரு பிள்ளையைக் கொல்ல வேண்டுமா?

5
ஒரு சீத்தாப்பழக் கொட்டையைப் பையில் போட்டேன். கறுப்புத்தான், ஆனால் சின்னது. அண்ணன் கண்டுபிடித்து எறிந்தான். "கணக்கக் கெடுக்காதடி."

தேடி எடுத்து மறுபடியும் போட்டேன்.

இதோ பை. குலுக்கி இரண்டு எடுங்கள். அந்தச் சின்னது வெள்ளையோடு வந்தால், தேய்க்கிற கல் அங்கேதான் கிடக்கிறது. நான் தேய்க்க மாட்டேன்.