ஒட்டுக்குக் கீழே

முப்பத்தெட்டு வருஷம் டாக்வுட் என்கிற பூமரத்தின் கன்றுகளுக்குக் கண் ஒட்டியே வயிறு வளர்த்தவன் நான். ஆகஸ்ட் வெயிலில் வரிசை வரிசையாக மண்டிபோட்டு நகர்ந்து, வெள்ளையாகப் பூக்கும் காட்டுக் கன்றின் அடித்தண்டைக் கத்தியால் கீறி, ரோஸ் நிறத்தில் பூக்கும் மரத்தின் முளைக்கண்ணை உள்ளே செருகுவேன். பின்னாலேயே ஒருவர் ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கன்று. எங்கள் டென்னசிப் பக்கத்திலிருந்து போன ரோஸ் டாக்வுட்கள் எந்தெந்த ஊர்ப் பணக்காரர் வாசலிலோ நிற்கின்றன. என் முழங்கால்கள் இரண்டும் அவற்றோடு போயின.

அப்பேர்ப்பட்ட நிபுணன், சொந்த வாசலில் நின்ற ஒரே ரோஸ் டாக்வுட்டைப் புல்வெட்டும் மிஷினால் கொன்றேன்.

அது எங்கள் ஒரே மகள் ட்ரீனாவின் மரம். பதின்மூன்று வயதிலிருந்து கோடை லீவில் எனக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவள். நான் ஒட்டி அவள் கட்டியதில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து வாசலில் நட்டாள். "நீ சும்மா செருகிட்டுப் போற, அப்பா. உசுரு பிடிக்கிறது என் கட்டுலதான்" என்பாள். இருபத்தேழு வயதில், முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை பழக்கமாகி அவளைக் கொண்டுபோனது.

அவள் போன அந்த ஜூனில்தான் புல் வெட்டினேன். கையில் மிஷின், கவனம் எங்கேயோ. சுழன்ற நைலான் நரம்பு மரத்தடியைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி பட்டையை உரித்துவிட்டது. செப்டம்பருக்குள் மரம் காய்ந்தது. அடிக்கட்டையை மட்டும் விட்டு, மேலே வெட்டி அடுப்பில் வைத்தேன். என் மனைவி நேடீன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலே ஊரைக் கூட்டுகிறவள்.

அடுத்த ஏப்ரலில் ஒரு நாள் செருப்புகூடப் போடாமல் வாசலில் நின்று கத்தினாள்: "ஏய்யா! ஓடியா! அவ மரம் துளிர்த்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். தளிர்தான். ஆனால் ஒட்டுக்குக் கீழே, காட்டுக் கன்றின் பாகத்திலிருந்து வந்த தளிர். அதில் ரோஸ் வராது, வெள்ளைதான் பூக்கும். ஒட்டு வேலைக்கு ஒரு சீசன் போன பொடிப்பயலுக்குக்கூட இது தெரியும். நேடீன் இருபத்திரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். அவளுக்குத் தெரியாது.

"ரோஸ்தானே பூக்கும்?"

பத்து மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

"பின்ன? ஊதாவா பூக்கும்?" என்றேன். பெரிய தமாஷ்காரன்.

நான்கு வருஷம் அந்தத் தளிரைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்தாள். இலைமக்கு போட்டாள். சுற்றிக் கம்பிவலை கட்டினாள், எனக்காகத்தான். "மிஷினைத் தூக்கிட்டுப் பத்தடிக்குள்ள வந்த, அப்புறம் ஒன்னையும் நட வேண்டியிருக்கும்" என்றாள்.

என்னோடு ஒட்டு வேலை பார்த்த வில்பர்ன் ஒரு நாள் சோளரொட்டி சாப்பிட வந்தான். அவள் பெருமையாக மரத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"ஆகா," என்றான் வில்பர்ன், வலியில். "நல்ல... நல்ல மரம்மா."

அவள் உள்ளே போனதும் என் சட்டையைப் பிடித்தான். "டேய், அது வெள்ளைடா! பூத்தா என்னடா சொல்லுவ?"

"பூக்கறப்ப பாத்துக்கலாம். உங்க வீட்டு ரோஸ்ல ரெண்டு குச்சி ஒடிச்சுக் குடு."

அந்த ஆகஸ்ட், நேடீன் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரத்தில் கத்தியை எடுத்தேன். கீறினேன், கண்ணைச் செருகினேன். ஒரு கை அதைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கட்ட வேண்டும். என் இரண்டு கையும் இப்போது தனித்தனியாக ஆடுகிறவை. கண் வழுக்கியது. கட்டு தளர்ந்தது. பத்து நாளில் கறுத்து உதிர்ந்தது. அடுத்த ஆகஸ்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கட்டுவதற்கு ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். கேட்டால், எதற்கு என்று சொல்ல வேண்டுமே.

போன இலையுதிர் காலத்தில் கிளை நுனிகளில் சட்டைப் பொத்தான் மாதிரி பூமொட்டு உட்கார்ந்தது. பதினான்கு என்று எண்ணினாள். குளிர்காலம் முழுக்க அந்தப் பதினான்கைப் பற்றித்தான் பேச்சு. நான் ஆமாம் போட்டேன்.

ஏப்ரலில் மொட்டு விரிந்தது, பச்சையாக. "ஆரம்பம் அப்படித்தான் புள்ள" என்றேன். டாக்வுட்டில் இதழ் என்று நாம் பார்ப்பது இதழே கிடையாது, வேஷம் போட்ட இலை. எனக்கேற்ற மரம். ஒவ்வொன்றின் நுனியிலும் துருப்பிடித்த மாதிரி லேசாக ஒரு சிவப்பு இருக்கும், வெள்ளையிலும் இருக்கும். "பாரு, கலர் ஏறுது" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

வழக்கம்போல டாக்வுட் பூக்கும் சமயத்துக் குளிர் நான்கு நாள் அடித்தது. ஐந்தாம் நாள் வெயில் வந்தபோது மரம் முழுக்க வெள்ளை. சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை.

நேடீன் கம்பிவலையை விலக்கி, அடியிலிருந்த இலைமக்கைக் காலால் ஒதுக்கினாள். பிறகு குனிந்து அடித்தண்டைத் தடவினாள். மூன்று கத்தித் தழும்பு.

"இது என்ன?"

"ஒட்டப் பாத்தேன்."

"எப்ப?"

"மூணு ஆகஸ்ட்."

"அப்ப ஒனக்கு மொதல்லயே தெரியும்."

வாய் தானாக ஒரு தமாஷைத் தேடியது.

"சிரிக்க வைக்காத," என்றாள் அவள். "இன்னைக்கு மட்டும் வேணாம்."

நான் கம்பிவலையை நிமிர்த்திப் பிடித்தேன்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா கட்டியிருப்பேனே, ஹோபர்ட். அந்தக் கட்டுப் போடுறத எனக்கு ட்ரீனா சொல்லிக் குடுத்திருக்கா. அடுப்படில, மரக்கரண்டில கட்டிக் காட்டி."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒரே ஒட்டு விஷயம் அதுதான்.

"வர்ற ஆகஸ்ட்ல ரெண்டு பேருமா..."

"எந்த மரத்துக் கண்ணு? வில்பர்ன் வீட்டுதா?" என்றாள். "அதுல அவ கை எங்க இருக்கு?"

அவள் கை பட்டதை நான்தான் அடுப்பில் வைத்தேனே.

அப்போது ரோட்டில் ஒரு கார் நின்றது. வெளியூர்க்காரி ஒருத்தி தலையை நீட்டினாள். "எவ்ளோ அழகா இருக்கு! ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கம்மா," என்றாள் நேடீன். வந்தவள் எடுத்து முடிக்கும்வரை தள்ளி நின்றாள். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி சொன்னாள்: "எங்களோடது ரோஸ்."

வெளியூர்க்காரி மரத்தைப் பார்த்தாள். நேடீனைப் பார்த்தாள். கடைசியில், இந்த வீட்டில் புத்தி உள்ளவன் நானாக இருப்பேனோ என்று என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "ரோஸ்தான்."