புளிச்சையில் பூ கேட்டவர்கள்

காக்களூர் கம்பெனி கேட்டில் எங்கள் டெம்போவை உள்ளே விடவில்லை. சரக்கு ரிஜெக்ட், வண்டியைத் திருப்புங்கள் என்றார் செக்யூரிட்டி. டிரைவர் பீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாள் இறங்கவில்லை. மடியில் ஒரு பிடி புளிச்சை உறையை வைத்துக்கொண்டு, திறக்காத கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் மூட்டை மூட்டையாக அதே உறைதான். சிவப்புப் புளிச்சைச் செடியில் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிக் கொழுத்து நிற்குமே, ஐந்து முனையோடு, புளிப்பாக, அது. உள்ளே இருக்கும் காயைக் குழாய் வைத்துத் தள்ளிவிட்டு, உறை கிழியாமல் எடுக்க வேண்டும். கம்பெனி அதைக் காய வைத்து, செம்பருத்திப் பூ டீ என்று டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பச்சை உறை மூட்டைக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் கறுத்துவிடும். சாயங்காலத்துக்குள் உள்ளே போகாவிட்டால் மாட்டுக்குக்கூட ஆகாது.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் கெங்கம்மாள் நெல் போடும் நிலத்தில் இந்த வருஷம் புளிச்சை போட்டது என் பேச்சைக் கேட்டு. அவளைப் பார்த்து அவள் தெருவே போட்டது. அவர்கள் சரக்கெல்லாம் அடுத்த வாரம் பறிப்புக்கு நிற்கிறது. இன்றைக்கு இந்த வண்டி திரும்பிப் போனால் அவள் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பாள்? தரகன் நான் திருத்தணியிலேயே இருந்துவிடலாம். அவளுக்கு வேறு தெரு ஏது?

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் கம்பெனி ஆபீசர் அந்தோணி நிலத்துக்கே வந்தார். எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு புளிச்சைக் காயைக் கையில் வைத்து, உறையைக் கிள்ளிக் காட்டி, இதுதான் எங்களுக்கு வேண்டும் என்றார். அப்புறம் அவர் கும்மிடிப்பூண்டியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் நாற்காலிக்கு அன்புசெல்வன் வந்தார். வந்த வேகத்தில் கெங்கம்மாளுக்குப் போன் போட்டு, பூ வேண்டும், பூ மட்டும்தான் வேண்டும், பச்சையாக ஒன்றும் கலக்கக் கூடாது என்றார்.

பூ என்று சொன்னால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கை தானாகவே மல்லிகைக்குப் போகும். விடிவதற்கு முன் எழுந்து, செடிசெடியாகப் போய், மஞ்சளாகத் திறக்கப்போகும் புளிச்சைப் பூவை நகம் படாமல் கிள்ளி, ஈரத்துணி சுற்றி, வாழையிலை மூடி அனுப்பிவைத்தார்கள். சாமிக்குச் சாத்தலாம், அவ்வளவு அழகு. காக்களூர் வந்து சேர்வதற்குள் கூழாகிவிட்டது. அழுகல் என்று அன்புசெல்வன் திருப்பிவிட்டார். கிள்ளிய பூ கிள்ளியதுதான். அந்த இடத்தில் காயும் இல்லை, உறையும் இல்லை. மிஞ்சிய செடியில் அந்தோணி சொன்னபடி உறை பறித்துக்கொண்டு இன்றைக்கு வந்தால், இது பூவே இல்லை என்கிறார்.

பூ கேட்டார், கொடுத்தோம், அழுகல். டப்பாவில் போடுவதைக் கொடுத்தோம், பூ இல்லை. எங்கள் அப்பா புளி மண்டி வைத்திருந்தவர். வாங்குகிறவன் சரக்கை மட்டம் தட்டுவான் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் தான் கேட்டது என்ன என்றே தெரியாமல் மட்டம் தட்டுகிறவனை மண்டியில் திண்டுமேல் உட்காரவிட மாட்டார்கள்.

அன்புசெல்வன் போனை நீட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். போனில் கம்மல் மாதிரி விரிந்த ஒரு செம்பருத்தி.

"அண்ணே, ஆர்டர்ல கேலிக்ஸ்னு இருக்கு. கேலிக்ஸ்னா கப்பு. பூவோட கப்பு. அப்போ பூதானே? நீங்க கொண்டாந்தது கீரைச் செடியோட காய்த்தோல்."

பீட்டர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சொன்னான்: "கப்புன்னா எங்க கோயில்ல சாமியார் பூசையில தூக்கினு நிப்பாரே, அது சார். சாலிஸ்னு சொல்லுவாங்க. அத்த வேணா மூட்டை கட்டி எட்தாரவா?"

கேலிக்ஸ் என்ற வார்த்தை எனக்கும் பழக்கம்தான். போன வருஷம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில், என் கிட்னியில் கல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அதே பெயர் போட்டிருந்தார்கள். அதையும் அன்புசெல்வனிடம் சொன்னேன். அங்கே எந்தப் பூ பூத்தது என்று அவர் சொல்லவில்லை. மேனேஜர் மேடம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"அப்ப அந்த மேடத்தயே பாக்கறேன்" என்று கெங்கம்மாள் இறங்கினாள். அந்த ஒரு பிடி உறை முந்தானையில் ஏறியது.

மேனேஜர் ஜோதிலட்சுமி எங்களை உட்காரவைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி டீ கொடுப்பது அங்கே வழக்கம். கண்ணாடி டம்ளரில் சிவப்பாக வந்தது. நான் நிதானமாகக் குடித்தேன். மண்டியில் சண்டைக்கு முன்னால் எதிராளி சரக்கை ருசி பார்த்துவிடுவோம். குடித்து முடித்ததும், டீ கொண்டுவந்த அம்மாவிடம் வடிகட்டியைக் கேட்டு வாங்கி மேஜைமேல் ஒரு தட்டில் கவிழ்த்தேன்.

வெந்நீரில் ஊறி உப்பிய சக்கை. அதில் முழுசாக ஒன்றை விரித்து வைத்தேன். ஐந்து முனை. கெங்கம்மாள் தன் உறையில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். அதற்கும் ஐந்து முனை. இதழ் இரண்டிலும் இல்லை.

மேடம் சட்டென்று சொன்னார், தாவரவியல் படித்தவராம். மொட்டை மூடியிருக்கும் வெளி உறைக்குத்தான் கேலிக்ஸ் என்று பெயர், பள்ளிக்கூடப் புத்தகத்தில் புல்லி வட்டம். உள்ளே இருக்கும் இதழுக்கு வேறு பெயர். பீட்டரின் சாலிஸையும் என் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துச் சொன்னேன். சர்ச்சில் இருப்பது கிண்ணம், அது வேறு வார்த்தை, கேட்பதற்குத்தான் ஒரே மாதிரி. கிட்னியில் இருப்பது இதே வார்த்தைதான், டாக்டர்கள் எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் கரும்பலகை முன்னால் நிற்பதுபோல் கோர்வையாக வந்தது. இவ்வளவு தெரிந்த அம்மா எப்படி ரிஜெக்ட் போட்டார் என்று கேட்டேன். அன்புசெல்வன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தாராம். எந்த போட்டோ என்றேன். மூடிய மூட்டைகளின் போட்டோ. சாக்கைப் பார்த்துச் சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள்.

"அதாண்ணே நானும் சொன்னேன், கேலிக்ஸ்னு" என்றார் அன்புசெல்வன், மேடம் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு.

மேடம் பேனாவை எடுத்தார். நடந்தது நடந்துவிட்டது, வெயிலில் நின்ற சரக்கு கொஞ்சம் வாடியிருக்கும், செகண்ட் குவாலிட்டி என்று போட்டு இப்போதே உள்ளே எடுத்துக்கொள்கிறேன் என்றார். குரல் அவ்வளவு இனிமை. கேட்டில் நிற்கவைத்தது அவர்கள், வாடியது எங்கள் குற்றம். எங்கள் மண்டியில்கூட இதைச் செய்வதற்குமுன் ஒரு வெற்றிலை போடுகிற நேரமாவது யோசிப்போம்.

நான் வாய் திறப்பதற்குள் கெங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

"வாட்னது எது, வாடாதது எதுன்னு நீயே மூட்டையப் பிரிச்சுப் பாரு மேடம். நீ குடிக்கற டீ மொத குவாலிட்டின்னா இதுவும் மொத குவாலிட்டி. இல்லன்னா சொல்லு, வண்டியோட கெளம்பறேன். ஆனா இந்தத் தம்பி எங்கூட வரணும். எங்க தெருவுல நின்னு, பூவப் பறிக்கச் சொன்னது நான்தான்னு அவன் வாயால சொல்லணும். நான் சொன்னா எவ நம்புவா?"

அன்புசெல்வன் மேடத்தைப் பார்த்தார். மேடம் தட்டைப் பார்த்தார். அப்புறம் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பிரித்த மூட்டையில் கையை விட்டு அடிவரை துழாவினார். ஒன்றுகூட வாடவில்லை. கேட் திறந்தது. முதல் குவாலிட்டி என்று எழுதினார்கள். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கம்பெனியில் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

கெங்கம்மாள் அதோடு விடவில்லை. போனில் தன் தெருப் பெண்ணைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அன்புசெல்வன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர், பூ வேண்டாம், காயைச் சுற்றி இருக்கிற சிவப்புத் தோல்தான் வேண்டும், முன்னே சொன்னது என் தப்பு என்றார். கடைசி இரண்டு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

திரும்பும் வழியில், திருத்தணி வருவதற்குள் என் போனில் கம்பெனி மெசேஜ் வந்தது. எல்லா விவசாயிகளுக்கும் சொல்லச் சொல்லித் தரகர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பீட்டர் ஓட்டிக்கொண்டே, இன்னாண்ணே அது என்றான். சத்தமாகப் படித்தேன்.

"இனி பூ மட்டுமே வாங்கப்படும். இதழ் இல்லாமல்."

"பேஜாரு புடிச்சவனுங்க" என்றாள் கெங்கம்மாள். "எங்க தெருவுல எவளுக்கும் அத்தப் படிச்சுக் காட்டாத நைனா. நாளிக்கு மறுபடியும் ஈரத்துணி எட்த்துக்கினு கெளம்பிடுவாளுங்க."

அங்கேயே அழித்தேன்.