விரிப்பின் மூலையில் ஒரு முடிச்சு

மாமல்லபுரத்தில் சிறிய லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஜான்சனின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மாலை, ஷட்டரை இறக்குமுன், அடுத்த வாரம் வேலையில் எதை மாற்றலாம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். மணல் ஒட்டாதபடி கொடிக்கயிற்றைச் சுவரோரம் கட்டியதும், ஈரத்துணிக் கூடைக்குச் சக்கரம் வைத்ததும் அப்படி வந்தவைதான். துணிகளைப் பிரித்து மடிக்கும் செங்கம்மாள் மட்டும், "நீங்க சொன்னா சரி தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அந்த மாதம் இரண்டு லாட்ஜுகளின் விரிப்புகள் அடிக்கடி இடம் மாறிப் போயின. இரண்டும் ஒரே வெள்ளைத் துணி. ஓரத்தில் தைத்த நூல்தான் அடையாளம். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. இன்னொரு முறை மாறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக ஒரு மேனேஜர் சொல்லிவிட்டார். செங்கம்மாளை நிறுத்திவிடலாம் என்று ஜான்சன் மனைவி சாராளிடம் சொன்னான். தனியாக இருக்கும் அவளுக்கு இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். சனிக்கிழமை வரை பொறுக்கும்படி சாராள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் செங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து சாராளும் மடித்தாள். செங்கம்மாள் ஒவ்வொரு நூலையும் கண்ணருகே தூக்கினாள், வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள், பிறகு குத்துமதிப்பாக ஓர் அடுக்கில் வைத்தாள். சாராளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் அவள் பயந்துபோவாள் என்பதும் புரிந்தது. அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாராள் முந்திக்கொண்டாள். சிவப்பு நூல் விரிப்புகளின் மூலையில் தடித்த நூலால் ஒரு முடிச்சு போடலாம், கரண்ட் போனாலும் தடவிப் பார்த்தே யாரும் பிரித்துவிடலாம் என்றாள்.

"அண்ணாத்த இருட்டுல சட்டையையே திருப்பி மாட்டிக்கினு வர்ற ஆளு. அவருக்குத் தோதா கீது," என்றான் டெலிவரி வண்டி ஓட்டும் மணி, ஜான்சனைக் காட்டி.

ஜான்சனும் சிரித்துவிட்டான். ஆனாலும் ஒரு வாரம்தான் பார்ப்பேன் என்றான்.

அந்த வாரம் ஒரு விரிப்பும் மாறவில்லை. செங்கம்மாளின் விரல்கள் மூலையைத் தேடிப் போய், தயங்காமல் பிரித்தன.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சொல்லி முடித்தபின் அவள் வாய் திறந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியா தெரியல தம்பி. மாத்தி வச்சதெல்லாம் நான்தான். சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவியோன்னு கம்முனு இருந்துட்டேன்."

வாராவாரம் எதை மாற்றலாம் என்று கேட்ட ஜான்சன், யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"திங்கக்கிழமை கடை லேட்டா தொறக்கலாம்," என்றான். "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அக்காவ நான் இட்டுக்கினு போறேன். அடுத்த வாரத்து மாத்தம் அதான்."

கடை மூடுமுன் சாராள் செய்யும் சிறு ஜெபம் அன்று சற்று நீண்டது. முருகனைக் கும்பிடுகிற செங்கம்மாளும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள்.

ஆமென் சொல்லி முடித்ததும் மணி மெல்லச் சொன்னான்: "அண்ணி, திங்கக்கிழமை அவரு சட்டையை மட்டும் பாத்து அனுப்புங்க."