எல்லாரும் அக்கரை

அப்பா கொதிகலனுக்கு உள்ளே இருப்பார், சித்தப்பா வெளியே. சிவக்கக் காய்ந்த ஆணியைத் துளையில் விட்டதும் அப்பா கனமான இரும்புக் கட்டையை அதன் தலைக்கு முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். சித்தப்பா மறுபக்கத்தைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குவார். ரயில் பட்டறையில் பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. உள்ளே இருப்பவனுக்குக் காது போய்விடும். அப்பாவுக்குப் போய்விட்டது. சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம், உங்கப்பன் காதைத் தின்றது போதாதென்று சோற்றையும் தின்கிறேன் என்பார். அவர் கூடப்பிறந்தவர் இல்லை. பக்கத்து வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருந்தார்.

துரைமார் காலத்துப் பெரிய வேலைநிறுத்தத்தின்போது நான் கைக்குழந்தை. ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்து நாடு கடத்திவிட்டால் மற்றவர்கள் பயந்து வேலைக்குத் திரும்புவார்கள் என்று கம்பெனி நினைத்தது. அவர்களுடைய அப்பன்மாரைக் கூட்டி வந்ததும் அதே கம்பெனிதான். சங்கத் தலைவரை எல்லாரும் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு வழி சொன்னார். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் எல்லாரும் அக்கரை என்றே சொல்ல வேண்டும். சித்தப்பா மூன்று வயதில் ஆறு தாண்டி வந்தவர். அப்பா பிறந்ததோ பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தெருவில். அப்பாவும் அக்கரை என்றார். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அப்படியே பதிவேட்டில் எழுதினாராம். அத்தனை பேரை ஏற்றப் படகு ஏது? வேலைநிறுத்தம் ஜெயித்தது.

அந்த நாட்களில் தோழர் சாயங்காலம் சங்கத்தில் பாடம் நடத்துவார். எதுவும் தன் எதிர்மறையாக மாறும் என்பார். அளவு கூடிக்கொண்டே போனால் ஒரு நாள் குணமே மாறிவிடும், தண்ணீர் கொதித்து ஆவியாவது போல என்பார். கொதிகலன்காரனுக்கே தண்ணி காய்ச்சக் கத்துக் கொடுக்கிறார் என்று பின்வரிசையில் சிரிப்பார்களாம். அப்பா தன் பெயரைக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பிறகு கொடி மாறியது. பட்டறை தேசத்தின் சொத்தானது. துரை உட்கார்ந்த அறையில் தோழர் தொழிலாளர் நல அதிகாரியாக உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம் கழித்துக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இக்கரையில் பிறந்தவனுக்குத்தான் வேலையும் வீடும். மற்றவர்கள் குடும்பத்தோடு ஆறு தாண்ட வேண்டும். யார் எங்கே பிறந்தார்கள் என்பதற்குப் புது அரசாங்கத்திடம் வேறு காகிதம் இல்லை. துரைமாரின் பதிவேட்டையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் குடியுரிமைச் சீட்டு இல்லையென்று எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் தோழரைப் பார்க்கப் போனார்கள். அப்பாவின் காதில் எடுத்துச் சொல்ல எப்போதும்போல நானும் போனேன். வழி இருக்கிறது என்றார் தோழர். அன்று சொன்னது பொய் என்று அப்பா எழுதிக் கொடுக்க வேண்டும். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரோ அவன் பெயரையும் எழுத வேண்டும். பெயர் இல்லாத மனு செல்லாது.

"சொல்லச் சொன்னதே நீங்கதானே, தோழர்" என்றார் அப்பா.

"அன்னிக்கு முதன்மை முரண்பாடு துரையோட. இன்னிக்கு நாட்டைக் கட்டணும். அதுக்கு நாம யாருன்னு முதல்ல தெரியணுமில்ல?"

நான் அப்பாவின் காதில் சொன்னேன். அவர் சித்தப்பாவைக் காட்டி, "அப்ப இவன் யாரு?" என்று கேட்டார்.

தோழர் மேசைமேல் இருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "என்னை எதிர்மறையில போட்டுக்கங்க, தோழர்" என்றார் சித்தப்பா. சிரித்தது அவர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும், போனால் ரெண்டு பேரும் போவோம் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கரையில் நமக்கு ஈ காக்கை தெரியாது, வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று அம்மா அழுதாள். கெடு முடியப் பத்து நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதும்மா. எம் பேரு, எங்கப்பன் பேரு, பொறந்த ஊரு, எதையும் விடாத. நான் எப்படியும் போறவன். உங்கப்பன் எதுக்கு வரணும்?"

"அப்பா கேட்டா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து மனுன்னு நான் சொல்லிக்கறேன். நீ முகத்தை அப்படி வச்சுக்காத, கண்டுபிடிச்சிடுவான்."

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் எழுதினேன். சித்தப்பா தாளை அப்பாவிடம் நீட்டி இரண்டு விரலைக் காட்டினார். அப்பாவும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரைப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து, அப்பா வழக்கம்போலக் கொதிகலனுக்குள் இறங்கிக் கட்டையைப் பிடித்திருக்கிறார். முதல் அடி விழுந்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது, அது சித்தப்பாவின் அடி இல்லையென்று. வெளியே வந்து பார்த்தால் யாரோ புது ஆள். அக்கரைக்காரர்களை ஏற்றிய லாரி காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று என்னைக் கேட்டார். மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டது.

அப்பா அப்படியே திரும்பித் தோழரிடம் போனார். நானும் அக்கரைதான், என்னையும் எழுது என்றாராம். உன் கையெழுத்துக் கோப்பில் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்று தோழர் சொல்லிவிட்டாராம்.

அடுத்த மாதம் மூன்று பேருக்கும் சீட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்க அம்மா கூப்பிட்டாள். நான் போகவில்லை. இப்போதெல்லாம் யாராவது வந்து பேசினால், அப்பா காதை அம்மா பக்கம் சாய்க்கிறார்.