சூடு போன இடம்

வேலை முடிந்து வந்த களைப்பில் ஐஸ்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மனைவி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். மகளின் துணிகளுக்குப் பின்னால் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் காணவில்லையாம். அதைக் காலையில் தான்தான் எடுத்து ஃப்ரீசருக்குள் வைத்ததாக அவர் சொன்னார், ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவர்போல. ஐஸ் பிளாண்டிலேயே பழகிய கை, தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்காது என்று முன்பெல்லாம் அவளே கேலி செய்வாள். அந்தக் கேலியெல்லாம் மகள் இருந்த காலத்தோடு சரி.

அவள் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பாட்டில் வயிறு புடைத்து, உள்ளே கல்லாக உறைந்திருந்தது. திறந்தது திறந்தபடியே நின்றாள். "கதவைச் சாத்து" என்றார் அவர், பழக்க தோஷத்தில். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்ததற்காக மகள் அவரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"இது அவ நெத்தியில வச்ச ஐஸ் உருகின தண்ணிங்க."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தபோது பிளாண்டில் ஒரு கட்டியை உடைத்து, சாக்கில் சுற்றி, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தவர் அவர். ரப்பர் பையில் போட்டு நெற்றியில் வைக்க வைக்க ஐஸ் உருகியது. தெர்மாமீட்டர் இறங்குவேனா என்றது. உருகிய பிறகும் தண்ணீர் ஜில்லென்றுதானே இருக்கிறது, சூட்டை எங்கே இழுத்தது என்று மனைவி பதறினாள். உருகுவதற்கே எக்கச்சக்கச் சூடு வேண்டும், கைக்குத் தெரியாது, ஆனால் பிள்ளையின் சூடு இந்தத் தண்ணீருக்குள்தான் போகிறது என்று அவர் தேற்றினார். தொழில் தெரிந்தவன் பேச்சு, பொய்யில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிள்ளை வீடு திரும்பவில்லை. பையிலிருந்த தண்ணீரை இவள் கொட்டவே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"அவ சூடு இதுக்குள்ள இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப உறைஞ்சிடுச்சே, அது எங்க போச்சு?"

அதிலேயேதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தண்ணீரிலிருந்து சூட்டைப் பிடுங்கி வெளியே துரத்துவதுதான் பிளாண்டில் அவருடைய அன்றாடப் பிழைப்பு. அதையே சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைக்கும் செய்துவிட்டார்.

"பின்னாடி கம்பி வழியா வெளிய வந்துடும்" என்றார். காலையிலேயே வந்து போயிருக்கும் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

அவள் அந்தப் பழைய ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, இடுக்கில் நுழைந்தாள். தூசி படிந்த கறுப்புக் கம்பிகளில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தையும் வைத்தாள்.

"வெதுவெதுன்னு இருக்குங்க."

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும் அதே குரல். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மோட்டார் லேசாக இழுத்து இரைந்தது. அவருக்குத் தெரியாத சத்தமா? உள்ளே போதிய குளிர் ஏறிவிட்டது; கதவு சாத்தியே இருந்தால் இன்னும் சற்று நேரத்தில் மோட்டார் நின்றுவிடும், கம்பியும் ஆறிவிடும். அவர் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் போய் ஃப்ரிட்ஜின் கதவை அகலத் திறந்து வைத்தார். குளிர் காலில் வந்து விழுந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமலிருக்க முதுகைக் கொடுத்து அங்கேயே நின்றார்.