பெட்ரோல் வாடை இல்லாத ஜீப்

ராசையா அண்ணாச்சி யாரிடமும் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. ராயபுரத்தில் முப்பது வருஷமாக மளிகை மொத்த வியாபாரம். சரக்கு வரத் தாமதமானால் லாரிக்காரனை நடுரோட்டில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். அப்படிப்பட்ட மனுஷன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மஜீதின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுகொண்டு, "எப்படியாவது செஞ்சு குடு வே, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினார் என்றால் விஷயம் பெரியதுதான்.

அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. காட்டுப்பள்ளிக்கு அப்பால் தார் ரோடு முடிகிற இடத்தில் மற்ற வண்டியெல்லாம் கும்பிடு போட்டுத் திரும்பிவிடும். இது மட்டும் மணலில் இறங்கி உறுமிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் அங்கே இருக்கும் குப்பத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு வருவார்கள். இவர் மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் அவள் ஊர்க்கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பாள். அதிலும் பச்சையம்மா கடையில் உட்கார்ந்துவிட்டாளானால் வாரிக்கொண்டுதான் வர வேண்டும்.

போன வருஷம் தங்கபுஷ்பத்துக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ ஊசி எல்லாம் ஆகி, டாக்டர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கட்டி போனது. மூக்குதான் பழையபடி ஆகவில்லை. எந்த வாடை பட்டாலும் குமட்டல். வெங்காயம் வதக்கினால் குமட்டும், புதுச்சேலையைப் பிரித்தால் குமட்டும். அண்ணாச்சி கடையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினார். வீட்டில் கருவாட்டை நிறுத்தினார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள் கருவாட்டை நிறுத்துவதென்றால் சும்மாவா!

ஆனால் ஜீப்பின் பெட்ரோல் வாடையை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு தடவை அவள் ஏறிப் பார்த்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அப்புறம் அவளாகவே, "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஐந்து மாதமாகப் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாமல் ஓட்டி ஓட்டி அண்ணாச்சிக்கு வெறுத்துப்போயிருந்தது. அவள் மறுபடி அங்கே உட்கார வேண்டும். அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

"கேஸுக்கு மாத்திடலாம் அண்ணாச்சி" என்றான் மஜீது. "ஆட்டோக்கு பங்க்ல போடறாங்களே, அதே கேஸ்தான். புரோபேனும் பியூட்டேனும் கலந்துகீது. பெட்ரோல் டாங்கையே கழட்டிக் கடாசிடலாம்."

"வாடை அடிக்குமா?"

"கேஸுக்குன்னு சொந்தமா வாடையே கெடையாது. லீக்கானா தெரியணும்னு கம்பெனிக்காரன் கலக்கி அனுப்பறான். இன்ஜின்ல போய் எரிஞ்சிடுச்சின்னா ஒண்ணியும் தெரியாது."

"அப்ப கலக்காத கேஸாப் பார்த்து வாங்கிப் போடு வே!"

மஜீது தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா அண்ணாச்சி பேசிகினுகீற? வாடை இல்லாத கேஸை வண்டில வெச்சிகினு சுத்துனா, எப்ப இன்னா ஆவும்னே தெரியாது. அக்காவைக் கூட்டினு போறதுக்குத்தானே இவ்ளோ பேஜாரு?"

அண்ணாச்சி ஜீப் சாவியை எடுத்து நீட்டினார்.

வேலை பத்து நாள் நடந்தது. ஆர்.டி.ஓ. அனுமதிக்கு எழுதிப் போட்டு, பின்சீட்டுக்கு அடியில் கேஸ் தொட்டியை இறுக்கி, கேஸை ஆவியாக்கும் பெட்டிக்கு ரேடியேட்டர் சுடுதண்ணீரைத் திருப்பிவிட்டான் மஜீது. தொட்டியிலிருந்து இன்ஜின் வரை செம்புக் குழாயைக் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இழுத்து, அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டான். இதுவரை அவன் கேஸ் மாட்டியதெல்லாம் ஆட்டோவும் காரும்தான். அதிலெல்லாம் அப்படித்தான் செய்வான், குழாய் ஆடவே கூடாது என்பது அவன் தொழில் புத்தி. கடைசியில் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"மோந்து பாக்க மாட்டியா வே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நுரையே போதும்" என்று மஜீது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். முதல் ஓட்டம் என்பதால் மஜீதும் கருவிப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டான். தங்கபுஷ்பம் கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி உட்கார்ந்தாள். தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை. முந்தானையால் மூடியிருந்தாள். பெட்ரோல் ஆலைகள் புகையும் மணலியில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்தான். மணலியில் யார்தான் பொத்த மாட்டார்கள்! மணலி புதுநகரும் தாண்டியபிறகு கைக்குட்டையை இறக்கி மடியில் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணுமே தெரியல."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாது, தெரியாது" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

காட்டுப்பள்ளி தாண்டி ஜீப் மணலில் இறங்கியது. ஒரு சக்கரம் ஏறும், ஒரு சக்கரம் இறங்கும். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், தங்கபுஷ்பம் அவர் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க. கேஸ் வாடை."

சமமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். மஜீது குதித்து இறங்கி நுரை தடவினான். ஒன்றும் இல்லை. மறுபடி கிளம்பினார்கள், மறுபடியும் அவள் நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் நுரை சும்மா கிடந்தது. மூன்றாவது தடவை அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் ஆசை அத்தனையும் கோபமாகத் திரும்பிவிட்டது.

"எல்லாம் ஒன் மனசுலதான் இருக்கு புஷ்பம்! ஒனக்கு எதுதான் நாறல? சோறு நாறுது, நான் நாறுதேன், இப்ப இதுவும் நாறுது! இதுக்கு மேல நான் என்னதான் செய்ய?"

அவள் இறங்கினாள். இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தாள்.

"சீக்கு வந்ததுலேருந்து நான் சொல்லுத எதுவுமே ஒங்களுக்குப் பேச்சாத் தெரியல. எல்லாம் நோவு பேசுததாத்தான் தெரியுது."

சொல்லிவிட்டுக் கடல் பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் அந்த நிமிஷமே விழுங்கியிருப்பார்.

மஜீது நுரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், திட்டாத. எனக்குக் கொரோனா வந்துட்டுப் போனதுலேருந்து மூக்கு அவுட்டு. பிரியாணி வாசனைகூடத் தெரியல. வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட கேஸ் வண்டி வுடுவான்னு வூட்ல மட்டுந்தான் சொல்லிகீறேன்."

"அடப்பாவி!"

"உன் மூக்கு இன்னா யோக்கியமா? பெருங்காயத்துல ஊறிப்போன மூக்கு. இந்த வண்டில வேலை செய்யற மூக்கு அக்காவோட மூக்கு ஒண்ணுதான். மொத வாட்டியே நான் வாயைத் தொறந்து சொல்லிருக்கணும். தப்பு என்னுது." சட்டென்று நிமிர்ந்தான். "அக்கா எப்பச் சொல்லுது? ஓடும்போதுதானே? நின்னா இல்ல. கொஞ்சம் வண்டிய அந்த மேட்டுல ஏத்து."

அண்ணாச்சி முன்சக்கரம் ஒன்றை மட்டும் மணல்மேட்டில் ஏற்றி இன்ஜினை அணைத்தார். ஜீப் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. தங்கபுஷ்பத்தின் இருக்கைக்கு நேர் பின்னால், குழாய் தொட்டியோடு சேரும் மூட்டில் மஜீது நுரையைத் தடவினான். கைக்குழந்தை வாயில் வரும் எச்சில் போல, பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"யா அல்லா" என்று தொட்டி வால்வை மூடினான். "ஆட்டோ மாதிரி இழுத்துக் கட்டிட்டேன் அண்ணாச்சி. மணல்ல இது ஒடம்பை முறுக்கும்னு தோணவே இல்ல."

குழாயில் மிச்சமிருந்த கேஸ் காற்றில் கரையும் வரை காத்திருந்தான். பிறகு அந்த விறைப்பான துண்டைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த நீளமான குழாயை முறுக்கு மாதிரி இரண்டு சுற்று சுற்றி மாட்டினான். வண்டி எப்படி நெளிந்தாலும் சுற்று விரிந்து கொடுக்கும், மூட்டு இழுபடாது.

அண்ணாச்சி போய் மனைவியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"புஷ்பம், நீ சொன்னது நெசம்."

"தெரியும்."

"நான் சொன்னது தப்பு."

"அதுவும் தெரியும்."

"வந்து பார்த்துச் சொல்லு. நீ சரின்னாத்தான் வண்டி நகரும். இல்லன்னா நடந்தே வீட்டுக்குப் போவோம்."

அவள் வந்து, சாய்ந்து நின்ற ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, வால்வைத் திறக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மஜீது பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவன் மாதிரி நின்றான். வெகுநேரம் கழித்துத் தலையை ஆட்டினாள்.

"இல்ல. சரியாயிடுச்சு தம்பி."

புறப்பட்டார்கள். வலது பக்கம் கடல் கூடவே வந்தது. மேடு ஏறி, பள்ளம் இறங்கி, ஜீப் நெளிந்து நெளிந்து போயிற்று. குப்பத்துக் கூரைகள் கண்ணில் படத் தொடங்கிய நேரம்.

"நிறுத்துங்க."

அண்ணாச்சி அக்கணமே இன்ஜினை அணைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. குதித்து, மணலில் ஓடி, மஜீதைத் தள்ளிவிட்டு வால்வை மூடினார். திரும்ப ஓடிவந்து அவளை இறக்கக் கை நீட்டினார். மூச்சு வாங்கியது. "எந்தப் பக்கம்? எங்கருந்து வருது?"

தங்கபுஷ்பம் இறங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வரல. நான் சொன்னா நிறுத்துதீங்களான்னு பார்த்தேன்."

வந்தது வினை என்று மஜீது பின்னால் குனிந்துகொண்டான். ஆனால் அண்ணாச்சி கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது.

"நிறுத்திட்டேம்லா" என்றார்.

"ஆமா" என்று, அவர் நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திட்டீங்க."